நரம்பிடம் பேரம் செல்லாது

சர்ஜிக்கல் கடைக்குச் சிரித்த முகத்தோடு வருகிறவன் ஒருத்தன்தான். அவன் பக்கத்துக் கடைக்கு வழி கேட்க வந்தவன். மற்ற எல்லாரும் நொண்டிக்கொண்டோ, வளைந்துகொண்டோ, முனகிக்கொண்டோதான் வருவார்கள். விலையைச் சொன்னதும் இன்னொரு தடவை முனகுவார்கள். திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில் கழுத்துப் பட்டையும் இடுப்பு பெல்ட்டும் முழங்கால் உறையும் விற்றுப் பிழைக்கிறேன். கடை வைத்து அல்லாடுகிறவர்களே, கழுத்தையும் இடுப்பையும் வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களே, நாமெல்லாம் ஒரே சாதி. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உரித்த ஆள்

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. மீதியைப் பூ மார்க்கெட்டில் படித்தேன். மல்லிகை வாடுவதற்குள் விற்க வேண்டும், வாங்க வந்தவன் வாடும்வரை நின்று பேச வேண்டும்; இந்த இரண்டும் தெரிந்தால் எந்தக் கடையும் நடத்தலாம். சர்ஜிக்கல் கடை ஒன்றில் கூட்டிப் பெருக்கப் போனவள், கடைசியில் அந்தக் கடையையே பேசி எடுத்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். பொய். அது மூக்கைத் தாண்டி வெகு நாளாகிறது.

ஒரு கம்பெனி ஏஜென்ட் கழுத்துப் பட்டை கொண்டுவந்தான். அவன் விலையை இறக்கவில்லை, நானும் அவனை வெளியே விடவில்லை. கடைசியில் ஒரு பெரிய படத்தைக் கொடுத்துவிட்டுத் தப்பித்துப் போனான். தோலை உரித்த மனுசன் ஒருத்தன், உடம்பெல்லாம் மஞ்சள் நூலாக நரம்பு. கழுத்திலிருந்து ஐந்து வேர் புறப்படுகிறது. அவை மூன்றாகச் சேர்ந்து, பிரிந்து, மறுபடி மூன்று கயிறாகத் திரிந்து, அக்குள் வழியாகக் கைக்கு இறங்குகின்றன. நரம்புப் பின்னல் என்று பேர். எனக்கு அது நம்ம பஸ் ஸ்டாண்டு மாதிரிதான் தெரிந்தது. மதுரையிலிருந்து வந்த ஆளும் கரூரிலிருந்து வந்த ஆளும் நத்தத்திலிருந்து வந்த ஆளும் உள்ளே இறங்கிக் கலந்து, வேறு வேறு போர்டு போட்ட பஸ்ஸில் ஏறிப் போகிறார்கள். ஒரு பஸ் தோளைத் தூக்கும், ஒன்று முழங்கையை மடக்கும், ஒன்று மணிக்கட்டை நிமிர்த்தும். இடுப்பில் ஒரு பஸ் ஸ்டாண்டு தொடைக்கு. அதற்குக் கீழே இன்னொன்று, காலுக்கு.

படத்தை என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன். என் வீட்டுக்காரர் சவரிமுத்து பரோட்டா மாஸ்டர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். வேலை முடிந்து மாவுக் கையோடு வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏ ரோசி, இந்த உரிச்ச ஆளத் தொங்கவிட்டா எவன்டி கடைக்குள்ள வருவான்?”

செம்பட்டி ரோட்டில் ஒரு ஆடு

அந்த உரித்த ஆளுக்குக் கீழேயே மாஸ்டர் வந்து உட்காருவார் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைக்கவில்லை. செம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பைக்கில் வந்தார். ஆடு ஒன்று குறுக்கே வந்தது. ஆடு பிழைத்துவிட்டது. இவர் வலது தோள் தரையில் மோத விழுந்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், எலும்பு ஒன்றுகூட முறியவில்லை. நாங்கள் சந்தோஷப்பட்டு வீட்டில் கறி எடுத்துச் சமைத்தோம். பாருங்கள் எங்கள் அறிவை. கழுத்திலிருந்து கையைத் தாங்குகிற தூளியில் கடையிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து மாட்டிவிட்டேன். வீக்கம் வடிந்தது, காயம் ஆறியது, கை மட்டும் கம்பியில் போட்ட துண்டு மாதிரி தொங்கிக்கொண்டே இருந்தது.

மதுரையில் ஒரு நரம்பு டாக்டர்தான் விளக்கினார். தலை ஒரு பக்கம் போக, தோள் எதிர்ப் பக்கம் போக, நடுவில் இருந்த நரம்பு இழுபட்டு, மேல் வேர்கள் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டனவாம். கீழ் வேர்கள் தப்பியதால் விரல் மடங்குகிறது. ஆனால் தோள் தூக்காது, முழங்கை மடங்காது. அதாவது சோற்றைப் பிசையலாம், உருட்டலாம், வாய்க்குக் கொண்டுபோக முடியாது. இடது கையால் சாப்பிட அவருக்கு மனசு வரவில்லை. விசேஷ வீட்டுப் பந்திகளுக்குப் போவதை நிறுத்தினார். வீட்டில் நான் ஊட்டினால் பாதியில் போதும் என்பார். பரோட்டா வீசுவது போனால் போகட்டும், தன் கையால் ஒரு வாய் அள்ளிச் சாப்பிட வேண்டும்; அவர் கேட்டது அவ்வளவுதான். முதல் நாள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு உருண்டை உருட்டி வைத்துவிட்டுச் சொன்னார்: “தட்டு பக்கத்துலதான் இருக்கு ரோசி. வாய்தான் தூரமாப் போயிருச்சு.”

ரேட்டு

ஆபரேஷன் என்றார் டாக்டர். பிடுங்கின வேரைத் திரும்ப நட முடியாது. அதனால் விலா எலும்புகளுக்கு நடுவே மூச்சு வேலை பார்க்கும் நரம்பில் இரண்டு மூன்றை எடுத்து, முழங்கையை மடக்கும் புஜத்துத் தசைக்குப் போகிற நரம்போடு தைப்பார்களாம். “அப்ப மூச்சுக்கு?” என்றேன். “மூச்சுக்கு வேற ஆள் நெறைய இருக்காங்கம்மா” என்றார். தைத்த இடத்திலிருந்து நரம்பு வளர்ந்து தசைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குள் தசை வாடிச் செத்துவிட்டால் அப்புறம் நரம்பு வந்தும் பிரயோசனமில்லை. “நரம்பு எம்புட்டு வேகத்துல வளரும் சார்?” என்றேன். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், கிட்டத்தட்ட.

எனக்கு ஒரு ரேட்டைச் சொன்னால் கை காலெல்லாம் துறுதுறுவென்று ஆகிவிடும். “ஒண்ணெல்லாம் கட்டுபடியாகாது சார். ரெண்டு போடுங்க” என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மார்க்கெட்டில் மல்லிகையை வைத்துக்கொண்டு நின்ற பயம் எனக்கு. அந்தப் பக்கம் வாங்குகிற ஆள் ஆடி அசைந்து வாரான், இந்தப் பக்கம் சரக்கு வாடுது. “சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், ஒண்ணரை” என்றேன். “ஊசி போடுங்க, மாத்திர குடுங்க, ஆட்டுக்கால் சூப்பு வேணா நான் தெனமும் வச்சுக் குடுக்கிறேன்.” மாஸ்டர் நல்ல கையால் என் சேலையை இழுத்தார். நான் மேஜையைத் தட்டினேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: “இது மேல இருந்து வர்ற ரேட்டும்மா. நான் வெறும் ஏஜென்ட்டு.”

நெட்டைக் கட்டை

ஆபரேஷன் முடிந்து மாஸ்டர் கடையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார். வியாபாரத்துக்கு அது நல்லதாகத்தான் இருந்தது. “அண்ணன் போட்ருக்காருல்ல, அதே தூளி குடுங்க” என்று கேட்டு வாங்கினார்கள். அப்போதுதான் வேடசந்தூர்ப் பக்கத்து ஆள் ஒருத்தர் கால் முறிந்து, அக்குளில் வைத்து நடக்கிற கட்டை வாங்க வந்தார். சின்னது, நடுத்தரம், பெரியது, மூன்றும் ஒரே விலை. ஆள் என் தோள் உயரம். பெரியதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். முறிந்த காலோடு வேறு எப்படி நிற்பார், அது வேறு விஷயம். “கட்டைக்கும் அக்குளுக்கும் நடுவுல ரெண்டு விரல் எடம் இருக்கணும்ண்ணே, பாரத்த உள்ளங்கையில தாங்கணும்” என்றேன். பெரியதை நான் வேண்டியவர்களுக்கு ஒளித்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வேறு எங்கோ போய் வாங்கிக்கொண்டார்.

சில வாரம் கழித்து அதே ஆள் வந்தார். கால் பரவாயில்லை. வலது மணிக்கட்டு யானைத் தும்பிக்கை மாதிரி கீழே தொங்கியது. உடம்புப் பாரத்தை எல்லாம் அக்குளில் தொங்கவிட்டு நடந்திருக்கிறார். நரம்புப் பின்னலின் பின்பக்கத்துக் கயிறு அந்த வழியாகத்தான் இறங்குகிறது. மணிக்கட்டையும் விரலையும் நிமிர்த்துகிற தசைக்கெல்லாம் அதுதான் சோறு போடுகிறது. அது நசுங்கிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நசுங்கின நரம்புதான், கட்டையை மாற்றினால் தானாகத் திரும்பிவிடும் என்று அவரைப் பார்த்த டாக்டர் சொல்லியிருந்ததால் மணிக்கட்டுக்கு ஒரு பட்டையை மாட்டி அனுப்பினேன். தானாகத் திரும்பிவிடும் என்று கேட்டதும் மாஸ்டர் அந்த ஆளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்கு அதெல்லாம் கவலை இல்லை. வாசலில் நின்று என்னிடம் நியாயம் கேட்டார்: “ஏக்கா, வெல ஒண்ணுதான்னா எவனாச்சும் சின்னத எடுப்பானா?”

ஜெயித்த கால்

ஒட்டன்சத்திரத்திலிருந்து தக்காளி வியாபாரி ஒருத்தர் வந்தார். நடந்து வரும்போதே சத்தம் கேட்டது. இடது பாதம் தரையில் சப்பு சப்பென்று அறைந்தது. பாதத்தைத் தூக்க முடியவில்லை, செருப்பு தங்கவில்லை. என்ன செய்தீர்கள் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை, உட்கார்ந்துதான் இருந்தேன் என்கிறார். எங்கே? மச்சினன் கல்யாண வீட்டில். எவ்வளவு நேரம்? முதல் நாள் சாயங்காலத்திலிருந்து முகூர்த்தம் வரைக்கும். எப்படி? காலை மடித்து, சீட்டு விளையாட்டில்.

உரித்த ஆளைக் காட்டினேன். “இங்க பாருங்க, அடி முதுகுல இருக்கிற பின்னல்லருந்து பெரிய நரம்பு பொறப்பட்டுத் தொட வழியா எறங்குது. அதுல ஒரு கிள, முட்டிக்கு வெளிப்பக்கம் எலும்பச் சுத்திக்கிட்டுப் போகுது. பாதத்தத் தூக்குறதே அதுதான். அத நீங்க ராத்திரி பூரா அமுக்கி வச்சிருக்கீங்க. ஒருக்கா எந்திரிச்சுக் கால நீட்டக் கூடாதா?” பாதத்தைத் தாங்குகிற பிளாஸ்டிக் பட்டையை எடுத்துப் போட்டுவிட்டேன். ஒரு காலுக்குத்தானே, பாதி விலை போடுங்கள் என்றார். எனக்கு ஏறிவிட்டது. “இம்புட்டு கணக்குப் பாக்குற ஆளு, சீட்டுக்கு ஒரு கால குடுத்துட்டு வந்திருக்கீங்களே” என்று கத்தினேன். மனுசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: “ஏனுங்க, எந்திரிக்காம உட்கார்ந்ததாலதானுங்க நான் ஜெயிச்சனுங்க!”

பெல்ட்

பழனியில் லாட்ஜ் வைத்திருக்கிறவர் ஒருத்தர், தொடையின் வெளிப்பக்கம் எரிகிறது, மரத்துப் போகிறது என்று இடுப்பு பெல்ட் கேட்டு வந்தார். ஏற்கெனவே பேண்ட்டில் ஒரு பெல்ட்டை, தொப்பைக்குக் கீழே, மூச்சு முட்ட இறுக்கியிருந்தார். இடுப்புப் பின்னலிலிருந்து தொடைக்கு வருகிற நரம்பு அந்த இடத்தில்தான் நெளிந்து இறங்குகிறது. “உங்களுக்கு பெல்ட் விக்க மாட்டேன், போட்டிருக்கிறதக் கழத்துங்க” என்றேன். வந்த வியாபாரத்தைத் துரத்துகிற முதல் கடைக்காரி நானாகத்தான் இருப்பேன். அவர் இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார்: “தொட எரிஞ்சா எனக்கு மட்டுந்தாம்மா தெரியும். பேண்ட்டு எறங்குனா பழனிக்கே தெரியும்!”

மூச்சுப் பயிற்சி

சின்னாளபட்டியிலிருந்து ஜான்சி என்று ஒரு பிசியோதெரபிப் பெண் மாஸ்டருக்குப் பயிற்சி கொடுக்க வந்தாள். அவள் சொன்னது எனக்கு விசித்திரமாக இருந்தது. “அண்ணே, இது நேத்து வரைக்கும் மூச்சு வேல பாத்த நரம்பு. எடம் மாத்தி விட்டாச்சு. ஆனா மூளைக்கு அது இன்னும் தெரியாது. கைய மடக்குன்னு நீங்க நெனச்சா ஒண்ணும் நடக்காது. மூச்ச நல்லா இழுங்க, அப்பத்தான் கை மொதல்ல அசையும். போகப் போக மூளை பழகிரும்.” மூச்சை இழுத்தால் கை மடங்குமா? கேட்கிறவன் கேனையனா என்று அவளிடம் சண்டைக்குப் போனேன். அவள் அதற்கெல்லாம் அசரவில்லை.

மாஸ்டர் இழுத்தார். காலையில் இழுத்தார், மத்தியானம் இழுத்தார், கட்டிலில் படுத்தபடி இழுத்தார். கை கிடந்த இடத்தில் கிடந்தது. பரோட்டாக் கல்லில் மாவை அறைந்து அறைந்து முறுக்கேறிய புஜம், முருங்கைக்காய் மாதிரி வற்றிவிட்டது. நரம்பு எங்கே வருகிறது, வழியில் எங்காவது டீ குடிக்க நின்றுவிட்டதா, கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. கோயிலில் அந்தோணியாரிடமும் பேசிப் பார்த்தேன், அவரும் ரேட்டில் இறங்கவில்லை. என்னைப் பயமுறுத்தியது கை இல்லை. மாஸ்டருக்குக் கோபமே வராமல் போய்விட்டது. என்னோடு மல்லுக்கு நின்றே குடித்தனம் நடத்தின மனுசன், இப்போது எதற்கெடுத்தாலும் சரி, சரி. ஒரு நாள் பயிற்சியை நிறுத்திவிட்டார். சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: “மூச்ச இழுத்து இழுத்தே வயிறு நெறஞ்சிருச்சு. நீ சாப்பிடு போ.”

முழங்கால் உறை வாங்க வந்தவர்

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, முழங்கால் உறை வாங்க வந்திருந்தார். நல்ல ஓங்குதாங்கான ஆள். எனக்குச் சமமாகப் பேரம் பேசுகிறவரைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. இரண்டு பேருக்கும் குரல் ஏறிக்கொண்டிருந்தது, எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டிருந்தது. மாஸ்டர் பக்கத்தில், தொங்கின கையைக் கண்ணாடி மேஜை மேல் நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். தூளியை அவ்வப்போது கழற்றி வைக்கச் சொல்லியிருந்தாள் ஜான்சி. திடீரென்று அவர், “கேக்குற வெலைக்குக் குடுத்துரு ரோசி, பாவம்” என்றார்.

பேரத்தின் நடுவில் இப்படி ஒரு வார்த்தை. கடை வைத்திருக்கிற நீங்களே சொல்லுங்கள், பொறுக்க முடியுமா? “உங்க பரோட்டாவுக்கு நான் வெல சொன்னனா? வாய மூடிக்கிட்டு இருங்க” என்றேன். “சரி” என்றார். அந்தச் சரிதான் என்னைக் கொளுத்திவிட்டது. இத்தனை மாதம் கேட்ட அத்தனை சரிக்கும் சேர்த்து வாயில் வந்ததெல்லாம் வந்தது. சோம்பேறி என்றேன். ஒன்றுமில்லை. கோழை என்றேன். ஒன்றுமில்லை. “உங்க சால்னாவ ஊருல எவன் மதிச்சான்? வெறும் தண்ணி! கழனித் தண்ணி!” என்றேன்.

மாஸ்டர் முகம் சிவந்தது. பதில் சொல்ல நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்தார். மேஜை மேல் நீண்டு கிடந்த கை சரக்கென்று கண்ணாடியில் வழுக்கி, முழங்கையில் மடங்கி, கழுத்துப் பட்டை ஒன்றைத் தள்ளிக்கொண்டு அவர் நெஞ்சுப் பக்கமாக வந்தது. அடிக்க ஓங்குகிறவன் கையைப் பின்னால் இழுப்பானே, அச்சு அசல் அப்படி. ஆத்தூர் அம்மா பாய்ந்து நடுவில் வந்துவிட்டார். “ஏலே! பொம்பளப்பிள்ள மேல கை ஓங்குறியா நீ? கைய ஒடிச்சுப்புடுவேன்!” என்று அந்தக் கையையே பிடித்தார். நான், “ஐயோ, விடுங்கம்மா, ஓங்கட்டும்! ஓங்கட்டும்!” என்று அவரைப் பிடித்து இழுத்தேன்.

மாஸ்டர் தன் கையைப் பார்த்தார். இழுத்த மூச்சை விட்டார். கை தளர்ந்து நீண்டது. “இன்னொரு தடவ கோவப்படுங்க” என்றேன். “வர மாட்டேங்குதுடி” என்றார். “சால்னா தண்ணி! பரோட்டா ரப்பர்! குருமாவுல உப்பே கெடையாது!” மறுபடி மூச்சு ஏறியது, மறுபடி கை மடங்கியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க விலாவோடு சேர்ந்து கையும் துள்ளித் துள்ளி ஆடியது. நான் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதேன். ஆத்தூர் அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கையிலிருந்த முழங்கால் உறையை மேஜை மேல் மெதுவாக வைத்தார். “நல்லாருக்கும்மா ஒங்க குடும்பம்! நீ ஏசுற, அவன் ஓங்குறான், ஓங்குன கையப் புடிச்சு நீ கும்புடுற. எனக்கு ஒறையும் வேணாம் ஒண்ணும் வேணாம், நான் நொண்டிக்கிட்டே போயிக்கிறேன்.”

இப்போது மாஸ்டர் தன் கையாலேயே அள்ளிச் சாப்பிடப் பழகி வருகிறார் என்பதால் எங்கள் வீட்டில் காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன் சண்டை தவறுவதில்லை, அக்கம்பக்கத்துக்காரர்கள்தான் பாவம், யாருக்கு என்ன வைத்தியம் நடக்கிறது என்று தெரியாமல் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள்.